ரெஃப்ரிக்காக ஓர் ஆட்டம்

எழுபதுகளின் தொடக்கம். நாங்கள் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் கடைசி வீட்டில் குடியிருந்தோம். மூத்தவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். சின்னவன் இன்னும் என் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

என் கணவர் ஒரு பட்டுக்கடையில் தராசு பிடிக்கிறவர். நெசவாளர்கள் வந்தால் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். புடவையாக நெய்து கொண்டு வரும்போது மறுபடி எடை பார்த்து வாங்குவார். எடை குறைந்தால் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்பதால் நெசவாளர்களுக்கு அவர் மேல் சந்தேகம். இரக்கப்பட்டு விட்டுக் கொடுக்கிறாரோ என்று முதலாளிக்கு இன்னொரு சந்தேகம். வாரம் முழுக்க இப்படி இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வது போதாது என்று ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டத்துக்கு ரெஃப்ரியாகப் போய்விடுவார்.

இளவயதில் நன்றாக ஆடியவராம். பிறகு சென்னைக்குப் போய் பரீட்சை எழுதி, ரெஃப்ரி என்று ஒரு சான்றிதழ் வாங்கி வந்து சட்டம் போட்டு மாட்டியிருந்தார். சம்பளம் எதுவும் கிடையாது. ஆட்டம் முடிந்தால் ஒரு கலர் சோடா கொடுப்பார்கள். வெளியூர் ஆட்டம் என்றால் சில சமயம் பஸ் சார்ஜ் கிடைக்கும். அதற்காகச் சனிக்கிழமையே கறுப்புச் சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, சொம்பில் நெருப்புப் போட்டுத் தேய்த்து வைப்பார்.

காஞ்சிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புடவையும் கோயிலும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் காலத்தில் ஊருக்குக் கால்பந்துப் பைத்தியமும் பிடித்திருந்தது. பெரிய காஞ்சிபுரத்துக்கு ஓர் அணி, சின்ன காஞ்சிபுரத்துக்கு ஓர் அணி. இரண்டும் மோதுகிற ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுவிடும். ஆடுகிறவர்கள் இருபத்திரண்டு பேர்தான். கத்துகிறவர்கள் ஊர் முழுக்க.

அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு அடுத்த தெருச் சாயக்காரர் ஒருவர் இருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். முழங்கை வரைக்கும் அன்றன்றைய நிறம் ஒட்டியிருக்கும். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் கிளிப்பச்சை. பெரிய காஞ்சிபுரம் அணிக்கு அவர்தான் தொண்டை. என் கணவரை அவர் திட்டுவதைக் கேட்பதற்கென்றே சிலர் அவர் பக்கத்தில் இடம் பிடிப்பார்களாம். நம்ம ஊர் ஆளாக இருந்துகொண்டு நமக்கே பெனால்டி கொடுக்கிறானே என்பது அவருக்கு ஆறாத கோபம். "எவ்ளோ துட்டு வாங்கினே?" என்பது அவர் வழக்கமாகக் கேட்கிற கேள்வி. சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ஒரு சோடாக் கடைக்காரர்.

இதெல்லாம் மைதானத்தோடு போனால் சரி. திங்கட்கிழமை நான் மார்க்கெட்டுக்குப் போனால் முதுகுக்குப் பின்னால் யாராவது வாயால் விசில் அடிப்பார்கள். ஒரு தடவை சாயக்காரர் நேராகவே, "உன் வூட்டுக்காரருக்குக் கொஞ்சம் கீரை ஆக்கிப் போடும்மா, கண்ணு தெரியட்டும்" என்றார். அன்றிலிருந்து அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். வீட்டில் அவரிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். நமக்கு எதற்கு இந்தப் பொல்லாப்பு என்பேன். அவர் பாட்டுக்கு விசிலைத் துடைத்துக்கொண்டிருப்பார். பந்து என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சலாக வரும். ஒரு ஆட்டத்தைக்கூட நான் போய்ப் பார்த்ததில்லை.

ஒரு ஐப்பசி மாதம் தாமல் பக்கம் ஏதோ ஆட்டம் என்று சைக்கிளில் போனார். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய், ஏரிக்கரை ரோட்டோரத்துச் சேற்றில் சறுக்கி, சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்துவிட்டார். கட்டை வண்டிக்காரர் ஒருவர் வைக்கோல் மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்து விட்டார். தொடை எலும்பு முறிந்திருந்தது. எங்களுக்குத் தெரிந்தது கட்டுப் போடும் வைத்தியர்தான். முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பட்டையும் வைத்துக் கட்டினார். தை மாதம் கட்டைப் பிரித்தபோது கால் கோணியிருந்தது. ஊன்றினால் உயிர் போகிற வலி.

சென்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எலும்பு தப்பாகக் கூடியிருக்கிறது, மறுபடி பிரித்து உள்ளே ஒரு எஃகுத் தகடு வைத்து முடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்குப் பணம் வேண்டாம். ஆனால் அந்தத் தகடு அங்கே இல்லை. வெளியில் நாங்கள்தான் வாங்கித் தர வேண்டும். அதன் விலையைக் கேட்டுவிட்டு நானும் என் நாத்தனாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

முதலாளி ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார். தராசு சும்மா இருக்க முடியாதல்லவா, அப்புறம் வேறு ஆள் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. என் தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குப் போயின. நான் வீட்டிலேயே நெசவாளர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தார் என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு இழையைச் சுற்றுவது. பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு ஆகும். தகட்டுக்கு ஆகாது.

அப்படி ஒரு சாயங்காலம் ராட்டையில் உட்கார்ந்திருக்கிறேன், வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் ஆம்பளைக் கூட்டம். முன்னால் சாயக்காரர் நிற்கிறார். கை இரண்டும் நீலமாக இருந்தது. பக்கத்தில் அந்தச் சோடாக் கடைக்காரர். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. பழைய ஆட்டம் எதற்கோ நியாயம் கேட்க வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வாசற்படியில் குறுக்கே நின்று, "அவரு எழுந்து நடக்க முடியாம படுத்துக்கினு இருக்காரு. எதுவா இருந்தாலும் என்னாண்ட சொல்லுங்க" என்றேன்.

சாயக்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சண்டைக்கு வரலைம்மா" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. மைதானத்தில் அப்படிக் கத்துகிற மனிதர் இவர்தானா என்று இருந்தது. சோடாக் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். இரண்டு பக்கத்து ரசிகர்களும் சேர்ந்து ஓர் ஆட்டம் நடத்தப்போகிறார்களாம். டிக்கெட் போட்டு, ஊரில் வசூலும் செய்து, வருகிற பணத்தை ரெஃப்ரி சாருக்குக் கொடுக்கப்போகிறார்களாம்.

நான் வழி விட்டு நகர்ந்தேன். எல்லாரும் உள்ளே போகாமல் அந்த இரண்டு பேர் மட்டும் போனார்கள். என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, வேண்டாம் என்றார்.

ஏன் என்று அவர்கள் கேட்டபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இத்தினி வருஷமா துட்டு வாங்கினான், துட்டு வாங்கினான்னு கத்தினீங்க. நான் வாங்கலைன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அதைக் காதுல போட்டுக்காம ஊதிக்கினு இருந்தேன். இப்போ வாங்கிட்டா, அப்புறம் நான் எப்படி ஊதறது?"

அவர்கள் போய்விட்டார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. காலே ஊன்ற முடியாத மனிதருக்கு இன்னும் விசில் ஊதுகிற கவலை. நான் அவரிடம் என்னவெல்லாமோ கேட்டேன். உங்கள் நேர்மைக்கு என் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதாம்மா" என்றார். அவர் அழுதாரா என்று தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சாயக்காரர் தனியாக வந்தார். நான் அவரிடம் பேசவில்லை, உள்ளே கை காட்டினேன். ராத்திரி முழுக்க யோசித்திருப்பார் போல. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சார், நாங்க மட்டும் குடுத்தா நீ எங்க பக்கம் சாயறேன்னு சொல்லலாம். அவனுங்க மட்டும் குடுத்தா அவனுங்க பக்கம். ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்தா எந்தப் பக்கம் சாய்வே? நேராத்தான் நிக்கணும்" என்றார்.

என் கணவர் ஒத்துக்கொண்டார். பிறகு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தனக்குத் தெரியக் கூடாது. யாரும் வந்து சொல்லவும் கூடாது, மைக்கில் பெயர் வாசிக்கவும் கூடாது.

சாயக்காரர் உடனே சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் அது லேசான காரியம் இல்லை. கோயிலுக்கு ஒரு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தாலும், வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு அதன்மேல் உபயம் இன்னார் என்று எழுதுகிற ஊர் இது. பெயர் கிடையாது என்றால் யார் கொடுப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர்கள் ஒரு பித்தளைக் குடத்தின் வாயைத் துணியால் கட்டி, நடுவில் ஓர் ஓட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு வாரம் பெரிய காஞ்சிபுரத்தில் சுற்றிய குடம் அடுத்த வாரம் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனது. டீக்கடை, சைக்கிள் கடை, சாயப் பட்டறை, ரேஷன் கடை வரிசை என்று ஒரு இடம் விடவில்லை என்று என் நாத்தனார் வந்து சொல்வாள். கொடுக்காமல் நழுவுகிறவர்களை, பந்து பார்க்க மட்டும் கண்ணு இருக்குதா என்று சாயக்காரர் தெருவில் நிறுத்திக் கேட்பாராம்.

ஆட்டத்திலும் ஒரு வேடிக்கை செய்தார்கள். வழக்கமாக ஆடுகிறவர்கள் ஆடினால் ஊர் எப்போதும் பார்ப்பதுதானே. அதனால் இந்தத் தடவை ஆடப்போகிறவர்கள் ரசிகர்கள், ஆட்டக்காரர்கள் வெளியே நின்று பார்ப்பார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். வருஷக்கணக்காக அப்படி அடித்திருக்கணும், இப்படித் தடுத்திருக்கணும் என்று கத்தியவர்கள் இறங்கி ஆடட்டும், பார்ப்போம் என்று ஊரே கிளம்பிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். ரெஃப்ரியாக இருக்க ஆள் கிடைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரைக் கேட்டார்கள். இந்தக் கூட்டத்திடம் மாட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை என்று கும்பிடு போட்டுவிட்டார். வேறு இரண்டு பேரும் அப்படியே. கடைசியில் சாயக்காரரே விசிலை எடுத்துக்கொண்டார். என் கணவரிடம் வந்து விதிகளை ஒருமுறை கேட்டுக்கொண்டு போனார். இத்தனை வருஷம் கத்தியவருக்கு ஆஃப்சைடு என்றால் சரியாக என்னவென்று தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் என்னை விடவில்லை. உன் புருஷனுக்காக ஊரே போகுது, நீ மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பாயா என்றாள். பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். மைதானத்தில் ஒரு ஓரமாகப் புளியமரத்தடியில் பெண்கள் உட்கார இடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தேன். இவள்தான் அந்த வீட்டுக்காரி என்று யாராவது பார்த்துப் பரிதாபப்படுவார்களோ என்று கூச்சமாக இருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. நான் முதலில் பந்தைப் பார்க்கவில்லை, சாயக்காரரைத்தான் பார்த்தேன். அவருக்குச் சட்டை ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. ஊதுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார். ஊதினால் ஒரு பக்கம் திட்டும். ஊதாவிட்டால் இன்னொரு பக்கம் திட்டும். அவர் சொந்த மச்சானே கிட்டே வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். தொப்பை வைத்த ஓர் ஆள் பந்தை விட்டுவிட்டுக் கீழே உருண்டதற்கு ஊரே சிரித்தது. அதற்கும் ரெஃப்ரிதான் காரணம் என்று ஒருவர் கத்தினார். சாயக்காரரின் வேட்டிக்கட்டு வியர்வையில் நனைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் இத்தனை வருஷம் இதற்கு நடுவில்தான் தனியாக நின்றாரா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பக்கம் பேச அங்கே ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார்கள். நானும் இருந்ததில்லை.

அதற்கப்புறம் எப்போது நான் பந்தைப் பார்க்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. எங்கள் தெருப் பால்காரர் பந்தை உருட்டிக்கொண்டு கோல் வரைக்கும் போய்விட்டார். பெண்கள் எல்லாரும் முட்டி போட்டு எழுந்துவிட்டோம். அவர் அடித்த பந்தைச் சோடாக் கடைக்காரர் கையால் தட்டிவிட்டார். புளியமரத்தடியிலிருந்து பளிச்சென்று தெரிந்தது. சாயக்காரருக்கு முன்னால் யாரோ மறைத்துவிட்டார்கள் போல, அவர் ஊதவில்லை.

"கையில பட்டுதுய்யா, கையில! கண்ணுல இன்னா சுண்ணாம்பா வெச்சிக்கினு இருக்கே?"

யாரோ ஒரு பெண்பிள்ளை தொண்டை கிழியக் கத்துகிறாளே என்று பார்த்தால், நான் நின்றுகொண்டிருக்கிறேன். தலையில் போட்ட முந்தானை தோளுக்கு வந்துவிட்டது. நாத்தனார் வாயைப் பிளந்து என்னைப் பார்க்கிறாள். சுற்றியிருந்தவர்கள் என்னைத் தெரியாமலேயே, ஆமாம் ஆமாம் என்று சேர்ந்து கத்துகிறார்கள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கன்னம் சுட்டது. எனக்காக, என் வீட்டுக்காக அங்கே நின்று அவதிப்படுகிற மனிதரை நான் அந்த வார்த்தை கேட்டிருக்கிறேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் கோபம் எள்ளளவும் இல்லை. வீட்டுக்கு வந்திருந்தால் சோறு போட்டிருப்பேன். இதைத்தான் வருஷக்கணக்காக ஒரு பெரிய அவமானமாக மனசில் சேர்த்து வைத்திருந்தேனா என்று தோன்றியது. மார்க்கெட்டில் விசில் அடித்தவர்களும் குடத்தோடு தெருத் தெருவாகப் போனவர்களும் வேறு வேறு ஆட்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே ஆட்கள்தான் என்பது அன்றைக்குப் புரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாயக்காரரும் சோடாக் கடைக்காரரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிக்கெட் பணத்தையும் அதே ஓட்டை வழியாகத்தான் போட்டார்களாம், கட்டிய துணியை யாரும் அவிழ்க்கவில்லை. சாயக்காரருக்குக் குரல் கம்மிவிட்டது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அப்புறம் என் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"எப்படி சார் தாங்கினே இத்தினி வருஷம்?"

என் கணவர் சிரித்தார். விழுந்ததிலிருந்து அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆம்பளைங்க கத்தினதுகூடப் போவுது சார். புளியமரத்தாண்ட ஒரு பொம்பளை கத்தினா பாரு, அதான் அப்படியே நெஞ்சுல குத்திச்சு" என்றார் சாயக்காரர்.

நான் சமையலறையில் இருந்தேன். காபிக்கு டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை. சாயக்காரருடைய டம்ளரில் இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, ரொம்ப இனிப்பா இருக்குதும்மா என்று சொல்லிக்கொண்டே முழுவதும் குடித்தார். அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குடத்தில் இருந்தது தகட்டுக்கு ஆயிற்று. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கும் ஆயிற்று. சித்திரையில் ஆபரேஷன் நடந்தது. ஆடியில் கழியை ஊன்றி நடந்தார். அதற்குப் பின் கழியையும் விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். ஓட முடியாது. பட்டுக்கடையில் அவருக்குத் தராசு திரும்பக் கிடைக்கவில்லை, வேறு ஒரு கடையில் அதே வேலை கிடைத்தது. மைதானத்துக்கு நடுவில் நின்று விசில் ஊதுவது மட்டும் முடிந்துபோனது.

அடுத்த வருஷம் லைன்ஸ்மேனாக வரச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். கோட்டோரமாகக் கொடி பிடித்து நிற்கிற வேலை, அதிகம் ஓட வேண்டாம். பெரிய காஞ்சிபுரத்துக்கும் சின்ன காஞ்சிபுரத்துக்கும் ஆட்டம். கறுப்புச் சட்டைக்கு நானே கஞ்சி போட்டுக் கொடுத்தேன். நானும் போனேன். அப்போதெல்லாம் நான் ஆட்டம் பார்க்கத் தவறுவதில்லை.

பாதி ஆட்டத்தில் பெரிய காஞ்சிபுரத்துக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். மைதானம் எழுந்து குதித்தது. பார்த்தால் என் கணவரின் கொடி மேலே நிற்கிறது. ஆஃப்சைடு. கோல் கிடையாது என்று ரெஃப்ரி கையை விரித்துவிட்டார்.

பழைய நாளாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. குதித்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். சிலர் அவர் காலைப் பார்த்தார்கள். என் பக்கத்தில் ஒரு அம்மாள், பாவம் விடு என்று யாரிடமோ முணுமுணுத்தாள். அந்தப் பெரிய மைதானத்தில் அப்படி ஓர் அமைதி. என் கணவர் கொடியைத் தூக்கியபடியே நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பணம் வாங்கினால் அப்புறம் எப்படி ஊதுவது என்று கேட்ட மனிதருக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. அவர் என்ன முடிவு சொன்னாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். அதற்குக் காரணம் அவருடைய நேர்மை அல்ல, அவருடைய கால்.

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து இரண்டு மஞ்சள் கைகள் உயர்ந்தன.

"யோவ் லைன்ஸ்மேன், காலுதானேய்யா போச்சு, கண்ணுமா போச்சு?"

ஒரு கணம் எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். ஒரு பெரியவர் சாயக்காரரின் கையைப் பிடித்து இழுத்தார். சாயக்காரர் உதறிவிட்டு மறுபடியும் கத்தினார். தாமல் ஏரிக்கரையில் கண்ணையும் தொலைச்சிட்டியா என்றார். யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் முழுக்க எழுந்து என் கணவரைத் திட்ட ஆரம்பித்தது. எதிர்ப்பக்கத்தில் சோடாக் கடைக்காரரின் ஆட்கள், சரியாத்தான் கொடி காட்டினாரு என்று பதிலுக்குக் கத்தினார்கள். மைதானம் மைதானமாகிவிட்டது.

என் கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியை இறக்கிக்கொண்டு, அந்தச் சாய்ந்த நடையில் கோட்டோரமாக விறுவிறுவென்று போனார். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடு என்று கேட்டுச் சாப்பிட்டார். அதற்கப்புறம் வெகு காலம் அவர் கொடி பிடித்தார். வெகு காலம் திட்டும் வாங்கினார்.

இது நடந்து பல வருஷங்கள் கழித்து, எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கஷ்டம் வந்தது. அவள் மகளுக்குப் பிரசவத்தில் சிக்கலாகி, தெருவே சேர்ந்து காப்பாற்றியது. நானும் என்னால் ஆனதைச் செய்தேன். அதற்கு முன்னால் தெருக்குழாயில் அவளும் நானும் சண்டை போடாத நாள் கிடையாது. மகளும் குழந்தையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்த மறுநாள், குழாயடியில் அவள் தன் குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "நீங்க புடிச்சிக்கோங்கக்கா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. "முன்னாடி வந்தது உன் குடம். அதை எதுக்கு நகர்த்தறே? அப்புறம் தண்ணி நின்னுபோனா என்னைத்தானே சொல்லுவே" என்று அதட்டினேன். அவள் குடத்தை மறுபடி முன்னால் இழுத்து வைத்தாள். பிறகு, நேற்று நான் மூன்று குடம் பிடித்ததைச் சொல்லிக் காட்டினாள். நானும் விடவில்லை. இரண்டு பேரும் நன்றாகவே சத்தம் போட்டுக்கொண்டோம்.

ஒருவருக்கு உதவி செய்துவிட்டு வீடு திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாயக்காரர் நினைவு வருகிறது. உதவி வாங்கியவர் மறுபடியும் நம்மோடு சமமாக நின்று சண்டை போடும் வரைக்கும் நாம் செய்த உதவி முழுசாகப் போய்ச் சேரவில்லை என்று அவர்தான் எனக்குத் தெரிய வைத்தார்.